கரைக்குச் செல்லும் வழி: கோவளத்துச் சொகுசு விடுதியும் கடலோரத்தின் பொதுப் பாத்தியதையும்

வினா

இத்தாலி தேசத்தின் தென்மேற்குக் கரையில், அமால்ஃபி, பொசிட்டானோ, ரவெல்லோ முதலிய ஊர்களில் மலைச்சரிவின்மேல் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் உயர்தர விடுதிகளைப் பற்றிப் பிரயாண நூல்கள் எழுதுகின்றபோது, அறையின் வசதியையும் உணவின் சுவையையும் இரண்டொரு வரிகளில் சொல்லி முடித்துவிட்டு, சாளரத்தைத் திறந்ததும் கண்முன் விரியும் சமுத்திரத்தை வர்ணிப்பதற்கே பக்கங்களைச் செலவிடுகின்றன. பொசிட்டானோவில் ஒரு பிரபு குடும்பத்தார் தங்கள் கோடைக்கால மாளிகையை 1951-ஆம் ஆண்டு 'லெ சிரெனூஸ்' என்னும் விடுதியாக்கினர். இன்று உலகப் பிரசித்தி பெற்று விளங்கும் அவ்விடுதியின் விசேஷமும் அதன் மாடத்திலிருந்து தெரியும் கடலேயாகும். பிரயாணி கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கட்டடத்திற்கு அப்பாலுள்ள ஒன்றுக்காகவே கொடுக்கப்படுகிறது என்பதை இதனால் அறிகிறோம்.

இதே நிலைமையை ஆராய்வதற்கு நாம் இத்தாலிவரை செல்ல வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்பவர், பழைய மாமல்லபுரம் சாலையைக் கடந்து உப்பங்கழியையும் தாண்டினால், கோவளம் என்னும் மீனவக் கிராமத்தை அடைவார். 1970-களில் தாஜ் குழுமத்தார் அங்கே 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்' என்னும் கடற்கரை விடுதியை நிறுவினர். சென்னைப் புறநகர்க் கடலோரத்தில் இவ்வகை விடுதிகளுக்கு முன்னோடியாக நின்ற ஒன்று அது. அதன் பின்னர்த் திருவான்மியூருக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே எத்தனையோ ரிசார்ட்டுகளும், கடற்கரை பங்களாக்களும், பண்ணை வீடுகளும் எழுந்துவிட்டன. சொகுசு விடுதி விற்கும் கடலும் மணலும் அதற்குச் சொந்தமானவையா, அல்லவென்றால் அவற்றுக்கு உரியவர் அவற்றை எவ்வாறு அடைகின்றனர் என்பதே இக்கட்டுரையின் வினா. இவ்விஷயத்தில் நாம் சண்டையிட வேண்டிய இடம் மணற்பரப்பன்று, மணலுக்குச் செல்லும் வழியே என்பது என் முடிபு. அம்முடிபுக்குரிய காரணங்களைக் கீழே ஆராய்கிறேன்.

கோட்டையும் விடுதியும்

கோவளத்து விடுதி ஒரு 'டச்சுக் கோட்டை'யின் சிதைவின்மேல் எழுந்தது என்று பிரயாண வழிகாட்டிகள் பலவும் கூறுகின்றன. இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. டச்சுக்காரர் சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டிலும், மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள சதுரங்கப்பட்டினத்திலும் நிலைகொண்டிருந்தனர் என்பது ஐயமற்றது. சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையின் மதில்களும் கல்லறைகளும் இன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. கோவளத்தின் சரித்திரமோ வேறு. 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிளாண்டர்ஸ் நாட்டு ஆஸ்டெண்டு நகர வணிகர்கள், கர்நாடக நவாபு சாதத்துல்லா கானின் ஆட்சிக் காலத்தில், அங்கே ஒரு பண்டகசாலையை அமைத்தனர். 1722-இல் புனித உரோமானியச் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸ் அவர்களுடைய கம்பெனிக்குச் சாசனம் அளித்தார். இங்கிலாந்தும் ஹாலந்தும் கொடுத்த நெருக்கடியால் 1727-இல் அது நிறுத்திவைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் கம்பெனியே மறைந்தது. அவர்கள் இருந்த இடத்துக்கு அருகில் 1740-களில் நவாபு அன்வருத்தீன் கான் கட்டிய கோட்டையை 1750-இல் பிரெஞ்சுக்காரர் தந்திரத்தால் கைப்பற்ற, 1752-இல் ராபர்ட் கிளைவு அதனை அவர்களிடமிருந்து பிடித்து வெடிவைத்துத் தகர்த்தார்.

அந்த 1752-ஆம் ஆண்டுப் போரைப் பற்றிச் சரித்திராசிரியர்கள் ஒரு செய்தியைத் தருகின்றனர். கிளைவு அழைத்து வந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்து இறங்கிய, போர்ப்பழக்கமே இல்லாத இளைஞர்கள். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு அவர்களில் ஒருவனைக் கொன்றதும் மற்றவர் அனைவரும் சிதறி ஓடினர். காவல் நின்ற ஒருவனைப் பின்னர் ஒரு கிணற்றின் அடியிலிருந்து கண்டெடுத்தனர். ஊர் பேர் அறியாத அவ்விளைஞன் எந்தக் கடலின் பொருட்டு இங்கே கொண்டுவரப்பட்டானோ, அக்கடலைக் கண்காணிக்கும் வசதிதான் இந்த மணல்மேட்டுக்கு மதிப்பைத் தந்தது. ஃபிளாண்டர்ஸ் மக்களும் ஹாலந்து மக்களும் ஏறத்தாழ ஒரே மொழியைப் பேசுபவர்களாதலாலும், சதுரங்கப்பட்டினம் தொலைவில் இல்லாததாலும், பிற்காலத்தார் இரண்டையும் ஒன்றாக்கி 'டச்சு' என்றனர் போலும் என்பது என் ஊகம்.

கோட்டையை யார் கட்டினார் என்னும் ஆராய்ச்சியோடு இங்கே நின்றுவிடுவதற்கில்லை. வணிகரும் நவாபும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இம்மேட்டை விரும்பியதற்குக் காரணம் கடலை நோக்கிய பார்வையே. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்துக்கு வந்த சீன அதிபரும் இந்தியப் பிரதமரும் தங்கள் இரண்டாம் நாள் பேச்சுவார்த்தையை இவ்விடுதியிலேயே நடத்தினர். இவ்வளவு கைமாறியும், மேட்டுக்குக் கீழேயுள்ள ஈரமணலில் கோவளத்து மீனவர் வலை இழுப்பதை எவரும் நிறுத்தியதாகத் தெரியவில்லை. மேட்டுக்கு உடைமையாளர் மாறிக்கொண்டே இருந்தனர். மணலுக்கு உடைமையாளர் என்று எவரும் இருந்ததில்லை.

கரையில் தங்கும் மரபு

காற்றுக்காகவும் காட்சிக்காகவும் கடலோரத்தில் போய்த் தங்குவது ஐரோப்பாவிலேயே பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வழக்காயிற்று. வைத்தியர்கள் கடல்நீராடலை மருந்தாக விதித்ததிலிருந்து அது வளர்ந்தது. தூய காற்றே மருந்து என்னும் கொள்கை நம் புறநகருக்கும் வந்தது. டாக்டர் சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய க்ஷயரோக சானடோரியம் அக்கொள்கையின் விளைவு. அதன் பெயரை இன்றும் ஒரு ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. அங்கே தங்கியவர்கள் நோயாளிகள். இன்பத்துக்காகக் காற்றை நாடித் தங்குவது வசதியுள்ளவர்க்கே உரியதாக இருந்தது.

ஆயினும் கரையில் தங்குவது தமிழர்க்குப் புதிதன்று. செங்கல்பட்டுப் பிரதேசத்து இருளர்கள் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகின்றனர். தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்து, கழிகளை மணலில் நட்டு, அவற்றின்மேல் சேலைகளையும் தார்ப்பாய்களையும் கட்டிக் கூடாரமாக்கி, இரவு முழுவதும் அங்கேயே தங்குகின்றனர். விடியுமுன் ஈரமணலைக் கையால் குவித்து ஏழு படிகள் அமைத்து, பூவும் மஞ்சளும் சாத்தி, கன்னியம்மனை வழிபடுகின்றனர். பெண் கேட்பதும், நிச்சயம் செய்வதும், தாலி கட்டுவதும் அம்மணலிலேயே நடக்கின்றன. அதே கரையில், சிறிது தூரத்தில், நட்சத்திர விடுதிகளின் அறைகளும் கடலை நோக்கி நிற்கின்றன. இவ்விரண்டு தங்கலையும் ஒரே இரவில் ஒரே கரையில் கண்டவர்க்கு, முன்னதற்கு வாடகையும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை, அதனைத் தடுக்கும் பாத்தியதை எவருக்கும் இல்லை என்னும் செய்தி சாதாரணமானதாகத் தோன்றாது. என்னைப் பொறுத்தவரை, நம் கடலோரத்தைப் பற்றிய விசாரணை எதுவும் இருளர்களின் அந்த ஓரிரவிலிருந்தே தொடங்க வேண்டும். நம் சட்டப் புத்தகங்கள் வாக்கியமாக எழுதி வைத்திருக்கும் பொதுப் பாத்தியதையை அவர்கள் ஆண்டுதோறும் செய்து காட்டிவருகின்றனர்.

உரோமச் சட்டமும் நம் நீதிமன்றமும்

கி.பி. 533-இல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி, சட்டம் பயிலும் மாணவர்க்காக ஒரு பாடநூலை வெளியிடச் செய்தார். காற்று, ஓடும் நீர், சமுத்திரம், அதனால் சமுத்திரக் கரை ஆகியவை இயற்கை நியாயத்தால் அனைவர்க்கும் பொதுவானவை என்று அந்நூல் வகுக்கிறது. அங்குள்ள மாளிகைகளுக்கும் கட்டடங்களுக்கும் ஊறு செய்யாதவரை, கரையை அணுகுவதிலிருந்து எவரையும் விலக்கலாகாது; குளிர்காலத்தின் மிக உயர்ந்த அலை எட்டும் இடம்வரை கரையேயாகும். இன்னும் ஒரு படி மேலே சென்று, கரையில் ஒதுங்குவதற்குக் குடிசை போட்டுக்கொள்ளவும், வலைகளை உலர்த்தவும், கடலிலிருந்து வலையை இழுக்கவும் எவர்க்கும் உரிமை உண்டென்று அது சொல்கிறது.

இப்பகுதியைப் படிக்கையில் என் மனம் கோவளத்துக்கே செல்கிறது. கரைவலை இழுப்பதைக் கண்டவர் அறிவர்: வலையைப் படகில் ஏற்றிச் சென்று கடலுக்குள் அரைவட்டமாக இட்டுவிட்டு, இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு அணியாக நின்று பற்றுகின்றனர்; குதிகாலை மணலில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, பின்னோக்கி அடிவைத்து இழுக்கின்றனர்; அணியின் கடைசிக்கு வந்தவர் கயிற்றை விட்டு மறுபடியும் தண்ணீரின் ஓரத்துக்கு ஓடி முதலாமவராகப் பிடிக்கிறார்; இழுத்த கயிறு பின்னால் வளையமாகச் சுருண்டு குவிகிறது; வலையின் மடி நெருங்க நெருங்க, வெகு தொலைவில் நின்ற இரண்டு அணிகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வந்து சேர்கின்றன. இத்தொழிலுக்கு நீளமும் அகலமும் உள்ள, வேலியற்ற மணற்பரப்பு வேண்டும். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட அந்த உரோமச் சட்ட வாக்கியமும் இந்த மீனவரின் காலடியும் ஒரே நியாயத்தின்மேல் நிற்கின்றன.

அந்நியாயம் இந்தியாவின் உச்ச நீதிமன்றத்துக்குள் வெளிப்படையாக நுழைந்ததும் ஒரு விடுதி வழக்கின் மூலமாகத்தான். இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதியோரம் கட்டப்பட்ட விடுதியொன்றைப் பற்றிய எம்.சி. மேத்தா – கமல்நாத் வழக்கில், 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த நீதிபதிகள், ஜஸ்டினியன் காலத்துக் கொள்கையை எடுத்துக்காட்டி, நதி, கடற்கரை, காடு முதலியவற்றை அரசு தன் சொத்தாக அல்லாமல் மக்களுக்காகக் காக்கும் தர்மகர்த்தாவாக வைத்திருக்கிறது என்று நிலைநாட்டினர்.

இதற்கு முன்பே நிர்வாகமும் இத்திசையில் நகர்ந்திருந்தது. 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி, கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை கட்டடங்கள் எழாமல் காக்குமாறு கேட்டார். 1991 பிப்ரவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அக்கோரிக்கைக்குச் சட்ட வடிவம் தந்தது. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டர் கட்டடமற்ற பகுதி. அதற்கு அப்பால் எழும் கடற்கரை விடுதியின் உயரம் 9 மீட்டருக்கு மேற்படலாகாது, தளங்கள் இரண்டுக்கு மேற்படலாகாது, எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பும் மனையின் 33 சதவீதத்தைத் தாண்டலாகாது. இவற்றோடு, பொதுமக்கள் கரையை அடைவதற்காக, இரண்டு விடுதிகளுக்கு இடையே குறைந்தது 20 மீட்டர் அகலமுள்ள இடைவெளி விடப்பட வேண்டும் என்றும் அவ்வறிவிக்கையின் இணைப்பு விதிக்கிறது. 2011-இல் வந்த அறிவிக்கை இவ்விதியைத் தொடர்ந்தது. 2019-இன் அறிவிக்கையோ, ஜனநெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில் 200 மீட்டரை 50 மீட்டராகச் சுருக்கிவிட்டது. இச்சுருக்கத்தை நியாயப்படுத்தும் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இத்தாலியிலும் கரை தனியார்க்கு உரியதன்று. 1942-இன் கப்பற்போக்குவரத்துச் சட்டப்படி கடற்கரை அரசின் பொதுவுடைமை. குடைகளும் சாய்வு நாற்காலிகளும் நிரப்பி வாடகை வாங்குவோர் குத்தகைதாரர்களே. நீரின் விளிம்பை அடைவதற்கு இலவச வழியைத் தடுக்கலாகாது என்று 2006-இல் இயற்றிய சட்டமும் உண்டு. ஆனால், அக்குத்தகைகள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்களிடம் நீண்டு வந்தன. அவற்றைப் போட்டியின்றிப் புதுப்பிப்பது செல்லாது என்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்த பின்னும், அரசு கெடுவை மேலும் மேலும் தள்ளிவைத்துள்ளது. சட்டத்தில் பொதுவாக இருப்பது நடைமுறையில் அடைபட்டுப்போவதற்கு உரோமச் சட்டம் பிறந்த மண்ணே விலக்கில்லை.

மணல் பொதுவாயினும் வழி அடைபடுவது

நம் புறநகரில் இவ்வடைப்பு வேறு விதமாக நிகழ்கிறது. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி, கானத்தூர், முட்டுக்காடு என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வரிசையாக நிற்கும் ஊர்கள், கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய காலத்தில், பெரும்பாலும் மணலும் சவுக்குத் தோப்புமாக இருந்தன. தோப்புக்கு உடைமையாளர் இருந்தாலும் அதற்குள்ளே ஒற்றையடிப் பாதை இருந்தது. மீன்கூடை சுமந்த பெண்கள் அப்பாதையால் சாலைக்கு வந்தனர். தோப்பு மனைகளாகி, மனைகளைச் சுற்றி மதில் எழுந்தபோது, பாதை எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத காரணத்தால் எவரும் பறிக்காமலே காணாமற்போயிற்று.

மிஞ்சிய சந்துகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட மதில். மதிலின்மேல் கண்ணாடிச் சில்லும் காகிதப்பூச் செடியும். நடுவில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு மனிதரும் ஒதுங்கிச் செல்லும் அகலம். பாதித் தூரத்தில் ஓர் இரும்புக் கதவு. அருகே நாற்காலியில் ஒரு காவலாளி. 'எங்க போறீங்க?' என்று அவர் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. ஞாயிறு மாலையில் பல்லாவரத்திலிருந்தோ சேலையூரிலிருந்தோ குழந்தைகளோடு வந்த தகப்பனார், 'சும்மா பீச்சுக்குத்தாங்க' என்று சொல்லிச் சற்றுத் தயங்கி நின்றுவிட்டு, வண்டியைத் திருப்புகிறார். அவருடைய பாத்தியதையை மறுத்து எவரும் ஓர் உத்தரவும் பிறப்பிக்கவில்லை. கேள்வி ஒன்றே போதுமானதாயிற்று.

இவ்விடத்தில் 1991-இன் விதியில் உள்ள குறைபாடும் புலனாகிறது. 20 மீட்டர் இடைவெளி விடுதிக்கும் விடுதிக்கும் இடையேதான் கட்டாயம். பங்களாவுக்கும் பங்களாவுக்கும் இடையே அது பேசுவதில்லை. 1991-க்கு முன் எழுந்த கட்டடங்களையும் அவ்விதி தொடுவதில்லை. ஆகவே, நாம் கண்டிக்கப் பழகிய பெரிய விடுதி பல சமயங்களில் சட்டத்தின் கண்காணிப்புக்குள் இருக்கிறது. அதற்கு இருபுறமும் உள்ள தனியார் மதில்களே கண்காணிப்புக்கு அப்பால் நிற்கின்றன. சொகுசு விடுதிகளின்மேல் மட்டும் பழியைச் சுமத்தும் பொதுவான அபிப்பிராயத்தோடு நான் இக்காரணத்தால் முழுவதும் உடன்படவில்லை.

வழியே முக்கியம் என்பதற்கு உச்ச நீதிமன்றமும் சான்று. கோவாவில் வைங்கினிம் கடற்கரையை ஒட்டிய விடுதிக்காக அரசு நிலம் எடுத்துக் கொடுத்தபோது, கரைக்குச் செல்லும் பாதை பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை எழுதப்பட்டது. பின்னர்ப் பாதை தடைபட்டது; ஊரார் வழக்காடினர்; உயர் நீதிமன்றத்தில் வென்றனர்; 2009-இல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அவர்கள் கையில் எழுதப்பட்ட நிபந்தனை ஒன்று இருந்தது. பனையூர்ச் சந்துக்கோ, கானத்தூர்ச் சந்துக்கோ அத்தகைய எழுத்து எங்கே?

ஆட்சேபங்கள்

விடுதிக்காரர் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களில் பாதுகாப்பு முதன்மையானது. 2008 நவம்பரில் கடல் வழியாக வந்தவர்கள் மும்பையில் விடுதிகளைத் தாக்கிய பிறகு, கடலை நோக்கிய விடுதி தன் எல்லையைக் காப்பதைக் குறைகூற இயலாது. ஆயினும் அக்காவல் கட்டடத்தின் வாயிலில் நிற்க வேண்டியது. அடுத்த மனையின் ஓரமாகச் செல்லும் பொதுச் சந்தில் நிற்க வேண்டியதன்று.

ஜனங்கள் வந்தால் கரை அசுத்தமாகும் என்பது மற்றொன்று. கோவளத்தின் பொதுக் கடற்கரைப் பகுதி 2021-இல் நீலக் கொடிச் சான்றிதழைப் பெற்றது. திறந்திருக்கும் கரையும் தூய்மையாக இருக்க முடியும் என்பதற்கு விடுதியின் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. வேலைவாய்ப்பைப் பற்றிய வாதம் இவற்றினும் வலுவானது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இவ்விடுதிகள் நிலையான சம்பளம் தருகின்றன என்பதும், கடலில் வரும்படி குறைந்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆதாரம் என்பதும் மெய். விடுதிகள் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், விடுதி நிலைபெறுவதற்குச் சந்து மூடப்பட வேண்டிய அவசியம் எவ்வாறு வந்தது என்பதை அவ்வாதம் விளக்குவதில்லை. திறந்த வழியால் எந்த அறையின் கடற்காட்சியும் குறைந்துவிடுவதில்லை.

செய்யத்தக்கது

2011-இன் அறிவிக்கை, கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவக் கிராமங்களையும், மீன் உலர்த்தும் களம், படகுத்துறை, ஐஸ் தொழிற்கூடம், சாலை முதலிய அவர்களின் பொது வசதிகளையும் புல எண் தெரியும் அளவில் குறிக்க வேண்டுமென்கிறது. சாலை என்னும் அச்சொல்லுக்குள் கரைக்குச் செல்லும் சந்துகளையும் சேர்த்துக் குறிக்குமாறு கேட்பதற்கு மக்களுக்கு முழு நியாயம் உண்டு. வருவாய்த் துறையின் புலப்படங்களில் வண்டிப்பாதை, நடைபாதை புறம்போக்கு என்று பழைய அளவையில் பதிந்துள்ளவற்றை முதலில் தேடி எடுக்க வேண்டும். பதிவில் இல்லாமல் நெடுங்கால வழக்கத்தால் மட்டும் இருப்பவற்றுக்கு, அவ்வழியே மீன் சுமந்த பெண்களின் வாக்குமூலத்தையே சாட்சியாகக் கொண்டு புதிதாகப் பதிய வேண்டும். உத்தண்டிவரை உள்ள சந்துகள் சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் வருகின்றன. கானத்தூர் முதல் கோவளம் வரையுள்ளவை செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சிகளைச் சார்ந்தவை. ஒவ்வொரு சந்தின் புல எண், அகலம், இன்றைய நிலை ஆகியவற்றைக் கிராமசபையில் வாசித்துத் தீர்மானமாக எழுதிக்கொள்ள ஊராட்சிக்குத் தடையேதும் இல்லை. அவ்வாறு எழுதப்பட்ட தீர்மானம், வைங்கினிம் ஊராருக்கு அந்த ஒப்பந்த நிபந்தனை உதவியதைப் போல, நாளை நீதிமன்றத்தில் வைப்பதற்குரிய முதல் காகிதமாக இருக்கும்.